பாதி காட்டும் முள்

முள் பாதியில் நின்றுகொண்டிருந்தது, கண்ணாடிக்கு அடியில் சிவப்பாக, துளியும் அசையாமல், சாயங்கால வெயில் மேலே விழுந்து ஒரு கோடாக மின்ன, வண்டி மட்டும் செத்துக் கிடந்தது, சடையாண்டிபட்டிக்கும் டவுனுக்கும் நட்டநடுவில், இரண்டு பக்கமும் சீமைக்கருவேலங்காடு, முன்னாலும் பின்னாலும் ஈ காக்கை கிடையாது, காளிராஜ் கிக்கரை உதைக்கிறான், உதைக்கிறான், உதைத்துக்கொண்டே இருக்கிறான், வண்டி ஒரு இருமல் இருமிவிட்டுப் பேசாமல் இருந்துகொள்கிறது, அவன் மனைவி சீனியம்மாள் மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு அந்த முள்ளையே பார்த்தபடி நிற்கிறாள், பைக்குள் அவளுடைய வேட்புமனு இருக்கிறது, ஊராட்சித் தலைவர் பதவிக்கு, இன்று கடைசி நாள், ஐந்து மணி ஆனதும் ஒன்றிய அலுவலகத்தில் மனு வாங்குவதை நிறுத்திவிடுவார்கள், இப்போது மணி நாலு எட்டு, இன்னும் எட்டுக் கிலோமீட்டர் கிடக்கிறது, அவள் போய்ச் சேராவிட்டால் தனுஷ்கோடியின் மனைவி செண்பகம் எதிர்த்து நிற்க ஒரு நாதி இல்லாமல் மூன்றாவது தடவையாகத் தலைவி ஆகிவிடுவாள், செண்பகம் பாவம், கையெழுத்துப் போடுவதோடு சரி, நாற்காலியில் உட்காருவது தனுஷ்கோடிதான், பத்து வருஷமாக, கிழக்குத் தெருக் குழாயில் காற்று மட்டும் வந்துகொண்டிருக்கிற பத்து வருஷமாக. பெட்ரோலு பாதிக்கு மேல கெடக்கு, முள்ளு காட்டுதுல்ல, பெறவு என்ன கேடு இந்தச் சனியனுக்கு என்று காளிராஜ் வண்டியிடமே கேட்டான்.

அந்த முள்ளுக்கு உண்மை பேசத் தெரியும் என்பதே போன வாரம்தான் தெரிந்தது. ஏழு வருஷத்துக்கு முன்னால் செகண்டில் வாங்கி வந்த அன்றைக்கே அது புளுக ஆரம்பித்துவிட்டது, இடது பக்கம் திரும்பினால் ஏறும், வலது பக்கம் திரும்பினால் இறங்கும், பள்ளத்தில் விழுந்தால் துள்ளிக் குதித்து டேங்க் நிறையக் காட்டிவிட்டு அப்படியே நின்றுகொள்ளும், அதை நம்பி நாத்தனார் மகள் சடங்குக்குப் போனார்களே அந்த நாள், நிறைய இருக்கிறது நிறைய இருக்கிறது என்று சத்தியம் செய்துகொண்டே வழியில் காலை வாரியது, ஒரு சொட்டு இல்லை, பட்டுச்சேலையும் கையில் சீர்த்தட்டுமாக அவள் பின்னால் தள்ள, காளிராஜ் முன்னால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நடக்க, பந்தலில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள், தட்டிலிருந்த வாழைப்பழம் வெயிலில் கறுத்துப்போயிருந்தது, நாத்தனார் அதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள். அதற்குப் பிறகு வீட்டில் ஒரு பழக்கம் வந்துவிட்டது, எங்கே கிளம்பினாலும் சரி, வண்டி எங்கே நின்றாலும் சரி, முதல் வேலை டேங்க் மூடியைத் திறப்பது, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் உள்ளே பார்ப்பது, இடுப்பால் வண்டியை ஒரு ஆட்டு ஆட்டி உள்ளே தளும்புகிற சத்தத்தைக் கேட்பது, அப்புறம்தான் மற்றது, முள்ளை யார் பார்த்தார்கள், அது பாட்டுக்கு அது கிடந்தது, வாய் மட்டும் உள்ள ஒரு விருந்தாளியைப் போல. ஆனால் மனுத்தாக்கலுக்குப் போகிற வண்டி வழியில் நின்று மானத்தை வாங்கக்கூடாது என்று காளிராஜுக்கு ஒரு ரோஷம், மெக்கானிக் சவரிமுத்துவிடம் கொண்டுபோய் விட்டான், அவன் டேங்குக்குள் பெட்ரோலில் மிதந்து முள்ளை ஏற்றி இறக்குகிற பழைய மிதவையைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு மாட்டினான், முள் நிமிர்ந்தது, இருப்பதை இருக்கிறபடி காட்டியது, நேற்றுச் சாயங்காலம் பெட்ரோல் போட்டபோது பங்க்கிலேயே முள் ஏறுவதைப் பார்த்துக் காளிராஜுக்குக் கண் கலங்காத குறை, எம் முள்ளு இப்ப சத்தியம் பேசும்ப்பா என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

சத்தியம் பேசுகிற முள்ளை வைத்துக்கொண்டு இப்போது நடுரோட்டில் நிற்கிறார்கள். காளிராஜ் பிளக்கைக் கழற்றினான், வேட்டி முனையில் துடைத்தான், இன்ஜினில் ஒட்டி வைத்து உதைத்துப் பார்த்தான், நீலமாகப் பொறி பறந்தது, பொறி இருக்கிறதே என்று அவனுக்கு ஒரு சந்தோஷம், திரும்ப மாட்டி உதைத்தான், ஒன்றுமில்லை, சவரிமுத்துவுக்குப் போன் போட்டான், அவன் இருபது மைலுக்கு அந்தப் பக்கம் யாருடைய டிராக்டருக்கோ அடியில் படுத்துக்கிடந்தான், அண்ணே பிளக்கு நனைஞ்சிருந்துச்சா காஞ்சிருந்துச்சா என்று கேட்டான், காஞ்சு கெடக்குடா என்றான் காளிராஜ், அப்ப பெட்ரோலு எறங்கலைண்ணே, டேங்குல இருக்கா, முள்ளு பாதி காட்டுதுடா, நான் மாட்டின முள்ளு பொய் சொல்லாதுண்ணே, அப்ப கார்புரேட்டர்லதான் குப்பை, அதக் கழட்டணும், நான் வந்தாத்தான் ஆகும், ஆறு மணி ஆயிரும். ஆறு மணி என்ற சொல் போனுக்கு வெளியிலும் கேட்டது, சீனியம்மாள் கோபம் வந்தால் பொரிந்து தள்ளுகிறவள்தான், நெருப்பு என்றுதான் அவளுக்கு ஊரில் பெயர், ஆனால் இப்போது வாயைத் திறந்தால் அழுதுவிடுவோம் என்று பயந்து முள்ளையே பார்த்தாள், பார்க்கப் பார்க்க அது பெரிதாகிக்கொண்டே போனது, சிவப்பு முள் கறுப்பாயிற்று, ஆள் உயரத்துக்கு வளர்ந்தது, அவள் இப்போது தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே நிற்கிறாள்.

ஊர் நடுவில் நாலு காலில் நிற்கிற மேல்நிலைத் தொட்டி, அதன் வயிற்றில் அடி அடியாக எண் எழுதிய பலகை, பலகை மேல் ஏறி இறங்குகிற ஒரு இரும்பு முள், உள்ளே தண்ணீர் எவ்வளவு என்று வெளியே நிற்கிறவனுக்குக் காட்ட, அது எப்போதும் உச்சியில் நிற்கும், வெயில் காலத்திலும் உச்சியில், கிணறு வற்றிய மாதத்திலும் உச்சியில், மோட்டார் போடுகிறவன் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பான், தொட்டி நெறைஞ்சிருச்சு என்று பத்தே நிமிஷத்தில் மோட்டாரை நிறுத்திவிடுவான், மேற்குத் தெருவுக்கு ஓடியது போக மிச்சம் இருந்தால்தானே கிழக்கே வரும், குழாயைத் திறந்தால் புஸ் என்று காற்று, போன சித்திரையில் முப்பது குடங்களோடு பெண்கள் ஊராட்சி அலுவலகத்துக்குப் போனபோது தனுஷ்கோடி நாற்காலியை விட்டு எழுந்திரிக்கவே இல்லை, ஜன்னல் வழியாகத் தொட்டியைக் கையால் காட்டினார், தொட்டி நெறையா இருக்கு, முள்ளப் பாருங்க, உங்க குழாயிலதான் கோளாறு, குழாயைப் பிடுங்கி வைக்கிறதும் உங்க தெருவுதான் என்றார், சீனியம்மாளுக்கு மண்டைக்குள் சுர்ரென்றது, மேல ஏறித் தொறந்து பாத்தீகளா அண்ணாச்சி என்று கேட்டாள், அவர் சிரித்தார், பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள், தொறந்து பாக்கணும்னா நீயே தலைவியா நின்னு செயிச்சு ஏறிப் பாரு தங்கச்சி என்றார், அவர் கிண்டலுக்குத்தான் சொன்னார், இவள்தான் அதை முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிட்டாள். தேர்தல் அறிவித்ததும் நான் நிற்கிறேன் என்று அவள் சொல்ல, காளிராஜ் முதலில் வேண்டவே வேண்டாம் என்றான், மூன்று நாள் சாப்பிடும்போது முகத்தைப் பார்க்கவில்லை, நாலாவது நாள் முள்ளைச் சரிபண்ண வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான், அதுதான் அவன் சம்மதம் சொல்லுகிற விதம். இன்று காலையில் முன்மொழிகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்த மளிகைக்கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார், ராத்திரியே யாரோ வந்து பேசிவிட்டுப் போனார்களாம், மத்தியானம் வரை கதவு கதவாகத் தட்டினாள், எல்லோருக்கும் திடீரென்று வயல் வேலை வந்துவிட்டது, கடைசியில் குழாயடியில் காலிக் குடத்தோடு உட்கார்ந்திருந்த முப்பிடாதிதான் எங்க போடணும் காட்டு என்று எழுந்து வந்தாள், முழங்காலில் காகிதத்தை வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக முப்பிடாதி என்று எழுதி முடிக்க ஐந்து நிமிஷம், தி மட்டும் கோட்டை விட்டுக் கீழே இறங்கிவிட்டது, அந்தக் கையெழுத்து இப்போது இந்தப் பைக்குள் வேர்வையில் நனைகிறது, மணி நாலு பதினைந்து.

தனுஷ்கோடியின் வேன் அப்போதுதான் வந்தது, டவுன் பக்கமிருந்து, ஊரைப் பார்க்க, காலையிலேயே மனுவைக் கொடுத்துவிட்டு நல்ல சாப்பாடும் சாப்பிட்டுத் திரும்புகிறார்கள், உள்ளே ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர், வயல் வேலைக்குப் போனதாகச் சொன்னார்களே அவர்கள்தான், ஒருத்தரும் இவள் முகத்தைப் பார்க்கவில்லை, வேன் பக்கத்தில் வந்து மெதுவானது, தனுஷ்கோடி ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு, என்ன காளிராசு, புருசனும் பொஞ்சாதியும் வெயில் காயிறீகளா என்றார், பெட்ரோலு இல்லையோ, முள்ளச் சரிபண்ணிட்டதா ஊரெல்லாம் பேச்சா இருந்துச்சே என்றார், காளிராஜ் தலையை நிமிர்த்தாமல் பாதி டேங்க் கெடக்கு என்றான், எதுக்கும் தொறந்து பாருப்பா, முள்ளு சொல்றதெல்லாம் உண்மையா என்று தனுஷ்கோடி சொல்ல, வேன் முழுக்கச் சிரித்தது, சிரித்துக்கொண்டே போய்விட்டது, புழுதி மட்டும் ரோட்டில் நின்றது. எம் முள்ளப் பத்தி இவன் என்ன சொல்றது, தொறக்க மாட்டேன், என்னாகுதுன்னு பாத்துருவோம் என்று காளிராஜ் வேகம் வந்தவனாக மறுபடி கிக்கரை உதைக்கப் போனான்.

தொறந்து பாரு. அந்த இரண்டு சொல்லும் சீனியம்மாளின் காதுக்குள் நின்றுகொண்டன, சித்திரையில் அவள் சொன்னவை அவர் வாயில் திரும்பி வந்திருந்தன, திறந்து பார்க்க, திறந்து பார்க்க, கடைசியாக இந்த மூடியை எப்போது திறந்தோம் என்று யோசித்தாள், நேற்று பங்க்கில், அதற்குப் பிறகு இல்லை, இன்று கிளம்பும்போதுகூட இல்லை, காளிராஜ் முள்ளைப் பார்த்தான், பாதி என்றான், ஏறு என்றான், அந்தச் சடங்குக்குப் பிறகு இன்றைக்குத்தான் முதல் தடவை மூடியைத் திறக்காமல் கிளம்பியிருக்கிறோம். ஆயுதபூஜைக்குப் பிறகு இது எத்தனையாவது தடவை நிற்கிறது, அவள் விரலை மடக்குகிறாள், முதலில் சேவுக்கடை வாசலுக்கு எட்டுகிற தூரத்தில், அவளை வேலைக்கு விடப்போகையில் நின்றது, காளிராஜ் மூடியைத் திறந்து பார்த்தான், பெட்ரோல் இருந்தது, பிளக்கைத் துடைத்தான், வண்டி கிளம்பியது, எல்லாம் பிளக்குத்தான் என்று பெருமையாகச் சொன்னான், இரண்டாவது தடவை ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம், சவரிமுத்துவே வந்தான், மூடியைத் திறந்து பார்த்தான், ஏதோ ஒயரை மாற்றினான், கிளம்பியது, ஒயருதான் என்றான், மூன்றாவது தடவை டீக்கடைக்காரர் வந்து மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, வண்டியை ஒருக்களித்துப் படுக்கப்போட்டு நிமிர்த்தினார், கிளம்பியது, இந்த வைத்தியம் ஒருத்தனுக்கும் தெரியாது என்று அன்று முழுக்க டீக்கடையில் அதே பேச்சு, நாலாவது தடவை அம்மன் கோயில் முன்னால் நின்றபோது பூசாரி எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்தார், அன்றைக்கும் கிளம்பியது, அன்றைக்கும் பூசாரி பழத்தை எடுத்து வருவதற்குள் காளிராஜ் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் மூடினான், அவள் பக்கத்தில்தான் நின்றாள், நாலு தடவையும் அவள் பக்கத்தில்தான் நின்றாள், நாலு தடவையும் மூடியைத் திறந்ததும் உஸ் என்று ஒரு சத்தம், ரொம்ப நேரம் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தவள் விடுகிற பெருமூச்சு, அவள் காதில் அது விழுந்தது, ஆனால் யார் பிளக்கையும் ஒயரையும் விட்டுவிட்டு ஒரு மூடியின் பெருமூச்சைக் கணக்கில் எடுக்கப்போகிறார்கள்.

அந்த உஸ் சத்தம் அவளுக்கு வேறு ஒரு இடத்தில் பழக்கம், எங்கே, எங்கே, இங்கே கருவேலங்காட்டில் வெயில் கொளுத்துகிறது, அங்கே அடுப்புச் சூடு முகத்தில் அடிக்கிறது, சாத்தூர் சேவுக்கடையின் பின்கட்டு, கல்யாணம் ஆகி வந்த புதுசில் சேவு பிழிய வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், எண்ணெய் டின்னை உடைத்து வாணலியில் ஊற்று என்கிறார்கள், அவள் ஆணியை வைத்து ஒரு மூலையில் ஒரே ஒரு ஓட்டை போட்டுச் சாய்க்கிறாள், குடுகுடுவென்று வந்த எண்ணெய் நின்றுபோகிறது, ஒவ்வொரு சொட்டாக அழுகிறது, டின் நிறைய எண்ணெய், தூக்கினால் கை இற்றுப்போகிற கனம், ஆனால் வர மாட்டேன் என்கிறது, டின்னின் தகடு வேறு உள்பக்கமாக டொக்கென்று ஒடுங்குகிறது, வாணலி காய்கிறது, சேவு பிழிகிறவர்கள் கத்துகிறார்கள், அவளுக்கு வந்ததே கோபம், சவமே, இருந்தும் தர மாட்டியா என்று ஆணியை எடுத்து எதிர் மூலையில் ஓங்கிக் குத்தினாள், உஸ் என்று காற்று உள்ளே போனது, எண்ணெய் மடை திறந்த மாதிரி கொட்டி அவள் சேலையெல்லாம் நனைத்தது, அன்றைக்குத் தெரிந்துகொண்டாள், ஒரு பக்கம் காற்று உள்ளே போனால்தான் மறு பக்கம் எண்ணெய் வெளியே வரும், அதற்குப் பிறகு எத்தனை ஆயிரம் டின்னுக்கு இரண்டு இரண்டு ஓட்டையாகப் போட்டிருக்கிறாள், அந்தக் கை, அதே கை, இப்போது வண்டியின் டேங்க் மேல் இருந்தது. மூடியைப் பார்த்தாள். மூடி எங்கே இருக்கிறது, மூடி மேல் இருக்கிற சந்தனம்தான் தெரிகிறது. ஆயுதபூஜை அன்று அவளே அரைத்து அவளே அப்பிய சந்தனம், நடுவில் குங்குமம், அதோடு விட்டாளா, அடுத்த வாரம் வண்டி நின்றதும் கண்ணேறு பட்டிருக்கிறது என்று வெள்ளிக்கிழமை இன்னொரு அப்பு, மறுபடி நின்றதும் இன்னொரு அப்பு, வண்டி நிற்க நிற்கச் சந்தனம் கூடியது, சந்தனம் கூடக் கூட வண்டி நின்றது, இன்று மனுத்தாக்கல் ஆயிற்றே என்று விடியக்காலையில் குளித்துவிட்டு வந்து எல்லாவற்றுக்கும் மேலே கெட்டியாக ஒன்று வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்திருக்கிறாள், அது காய்ந்து மாவுக்கட்டுப் போட்ட மாதிரி மூடியை இறுக்கிக்கொண்டு கிடக்கிறது. அடிப்பாவி என்று தன்னைத்தானே சொல்லிக்கொண்டாள், சிரிப்பும் வந்தது அழுகையும் வந்தது, எவன் எவனையோ மூன்று மாதமாகத் திட்டிக்கொண்டிருந்தோமே, வண்டியின் கழுத்தைப் பிடித்து நெரித்தது நாம்தானே.

மாமா, ஒதைக்கிறத விடுங்க, சாவியக் குடுங்க என்றாள். எதுக்கு என்றான் காளிராஜ், மூடியத் தொறக்கணும் என்றாள், அவனுக்குப் பொத்துக்கொண்டு வந்தது, நீயும் அந்த ஆளு பக்கம் சேந்துட்டியா, அதான் முள்ளு பாதி காட்டுதே என்றான், முள்ளு உண்மையத்தான் சொல்லுது மாமா, அதுனாலதான் வண்டி நிக்கிது என்றாள், அவன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான், வெயிலில் கோட்டி பிடித்துவிட்டதா என்று நினைத்திருப்பான், ஆனால் சாவியைக் கொடுத்தான், அவள் காய்ந்த சந்தனத்தை உடைத்துச் சாவியை உள்ளே விட்டுத் திருகி மூடியைத் தூக்கினாள், உஸ்ஸ்ஸ் என்று நீளமாக ஒரு பெருமூச்சு, இதுவரைக்கும் கேட்டதிலேயே நீளமானது, காளிராஜின் காதிலேயும் விழுந்தது, கேட்டீகளா என்றாள், கேட்டேன் என்றான், பெட்ரோலு கீழ எறங்கணும்னா மேல காத்து போகணும் மாமா, காத்து போற ஓட்டைய நான் சந்தனத்த வச்சு அடைச்சுட்டேன், தெனம் நாம தொறந்து பாத்ததுனால அது பொழச்சுக் கெடந்துச்சு, இன்னைக்கு முள்ள நம்பித் தொறக்கலை, மூச்சு முட்டிப்போச்சு. பிளக்கு, ஒயர், ஒருக்களித்துப் படுத்த வண்டி, எலுமிச்சம்பழம் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக அவன் முகத்தில் வந்து போனது, அவள் அதற்குள் தாலிக்கயிற்றில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி, மூடியைக் கவிழ்த்து வைத்து, சாவித்துவாரத்துக்குப் பக்கத்தில் ஊசி நுழைகிற அளவுக்கு இருந்த ஓட்டையைக் குத்த ஆரம்பித்தாள், ஏய், சாமிக்கு வச்சதச் சொரண்டாத என்று பதறினான், சாமியும் மூச்சு விடணும்ல மாமா என்றாள் நிமிராமல், மூன்று மாதத்துச் சந்தனம் துண்டு துண்டாக விழுந்தது, மூடியை வாயில் வைத்து ஊதினாள், காற்று அந்தப் பக்கம் போனது, மூக்கில் பெட்ரோல் வாடையும் சந்தன வாடையும், மூடினாள், பூட்டினாள், இருபது எண்ணுற வரைக்கும் பொறுங்க, எண்ணெய் எறங்கட்டும் என்று பெட்ரோலை எண்ணெய் என்றே சொன்னாள், அவனும் எண்ணினான், வாய்விட்டு, பள்ளிக்கூடத்துப் பையனைப் போல, இருபது சொன்னதும் உதைத்தான், ஒன்று, இரண்டு, மூன்றாவது உதையில் வண்டி உறுமிக்கொண்டு எழுந்தது, கருவேலங்காட்டுக்குள் இருந்த கொக்கெல்லாம் பறந்தது. மணி நாலு முப்பத்தெட்டு.

அந்த எட்டுக் கிலோமீட்டர் அவள் நினைவில் ஒருநாளும் ரோடாக இருந்ததில்லை, பறந்துதான் போனார்கள், அப்படித்தான் கனவிலும் வருகிறது, காற்று முகத்தில் அறைகிறது, பை மார்பில் துடிக்கிறது, காளிராஜ் நிமிஷத்துக்கு ஒரு தடவை குனிந்து முள்ளைப் பார்க்கிறான், முள்ளப் பாக்காதீக, ரோட்டப் பாருங்க என்று அவன் முதுகில் தட்டுகிறாள், வேகத்தடை ஒன்றில் இரண்டு பேரும் ஒரு முழம் மேலே போய் இறங்குகிறார்கள், ரயில்வே கேட் திறந்திருக்கிறது, சாமிக்கு ஒரு கும்பிடு போடக்கூட நேரமில்லை, ஒன்றிய அலுவலகத்து வாசலில் தனுஷ்கோடியின் ஆட்கள் நாலு பேர் பெரிய சரவெடி ஒன்றைத் தரையில் விரித்து வைத்துக்கொண்டு வாட்ச்சைப் பார்த்தபடி நிற்கிறார்கள், ஐந்து மணிக்குக் கொளுத்த, அவள் வண்டியிலிருந்து குதித்து அந்த வெடியைத் தாண்டிக்கொண்டு ஓடினாள், தாண்டும்போது சேலை முனை பட்டு வெடியின் ஒரு ஓரம் சுருண்டது, உள்ளே சுவர்க்கடிகாரத்தில் நாலு ஐம்பத்தொன்று, மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி நிமிர்ந்து பார்த்தார், அவள் கையெல்லாம் கரியும் பெட்ரோலும், நெற்றியில் வேர்வையில் கரைந்த குங்குமம், முகத்தில் சந்தனத்தூள், எந்தப் பதவிக்கும்மா என்றார், தலைவர் பதவிக்கு சார் என்றாள், மூச்சு வாங்காமல் சொன்னாள், எப்படி அது வந்தது என்று இன்றைக்கும் அவளுக்கு ஆச்சரியம்தான். அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார், முன்மொழிந்தவர் கையெழுத்தில் விரல் நின்றது, இந்தக் கடைசி எழுத்து கீழ போயிருக்கே என்றார், அது தி சார், அவுகளுக்கு அங்க போய்தான் எழுத எடம் கெடைச்சுச்சு என்றாள், அவர் உதட்டுக்குள் சிரித்துக்கொண்டு முத்திரையை ஓங்கிக் குத்தினார், அந்தச் சத்தம் இருக்கிறதே, அது மட்டும் போதும் அவளுக்கு, ரசீதை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது மணி ஐந்து, வெடி வெடிக்கவில்லை, நாலு பேரும் குனிந்து அதைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள், காளிராஜ் வண்டி மேல் சாய்ந்து நின்று அதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான், இவளைப் பார்த்ததும் துண்டால் சீட்டை ஒரு தடவை தட்டிவிட்டான்.

அன்றைக்கே ஜெயித்துவிட்ட மாதிரிதான் அவளுக்குத் தோன்றுகிறது, பிறகு வந்த ஓட்டும் எண்ணிக்கையும் நாற்பத்தொரு ஓட்டு வித்தியாசமும் கிழக்குத் தெருப் பெண்கள் குடத்தைக் கவிழ்த்து வைத்து அடித்துக்கொண்டே ஊர் சுற்றியதும் எல்லாம் அந்த முத்திரைச் சத்தத்துக்குள்ளேயே இருந்தது, பதவி ஏற்ற மறுநாள் காலை தொட்டிக்குக் கீழே நிற்கிறாள், மோட்டார் போடுகிறவன் தொட்டி நெறையா இருக்கு தலைவரே, முள்ளப் பாருங்க என்கிறான், அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இரும்பு ஏணியில் கால் வைக்கிறாள், கீழே தனுஷ்கோடியும் நிற்கிறார், எல்லோரும் நிற்கிறார்கள், முப்பிடாதி மட்டும் பாத்து ஏறு தாயி என்கிறாள், உச்சிக்குப் போய் மூடியைத் தூக்கினாள், உள்ளே இருட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள், அடியில் முழங்கால் அளவு தண்ணீர், அவ்வளவுதான், முள்ளின் கயிறு வருஷா வருஷம் தொட்டிக்குப் பூசிய பெயிண்ட்டில் ஒட்டிச் சுவரோடு சுவராகக் கிடந்தது, தலைவர் பெயரைப் பளபளவென்று எழுத அடித்த பெயிண்ட், நாமாவது சந்தனத்தோடு நின்றோம் என்று நினைத்துக்கொண்டாள், குனிந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, மோட்டாரப் போடு, நான் எறங்குற வரைக்கும் நிறுத்தாத என்றாள், தண்ணீர் ஏறுகிற இரைச்சலை மேலேயே உட்கார்ந்து கேட்டாள், ஒரு மணி நேரம் கழித்துக் கிழக்குத் தெருப் பக்கம் ஒரு கூச்சல் கிளம்பியது, என்ன சொல்கிறார்கள் என்று தெரியவில்லை, ஆனால் குழாயில் தண்ணீரைக் கண்டவர்கள் போடுகிற கூச்சல் அது.

இறங்கி வந்தபோது காளிராஜ் வண்டியோடு காத்திருந்தான், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, சவரிமுத்து மாட்டுன மிதவையும் போச்சு, நேத்து டேங்க் நெறையப் போட்டேன், இன்னைக்கு வரைக்கும் பாதியத்தான் காட்டுது, நாளைக்குக் கொண்டுபோய்ச் சரிபண்ணிட்டு வாரேன் என்றான். வேணாம் மாமா, கெடக்கட்டும் என்றாள், அது பொய் சொல்ற வரைக்கும்தான் நாம தொறந்து பாப்போம். அவன் சிரித்துவிட்டுப் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தான், சாவியை அவளிடம் நீட்டினான், அவள் முன்னால் ஏறினாள், முள் பாதியில் நின்றுகொண்டிருந்தது, கண்ணாடிக்கு அடியில் சிவப்பாக, துளியும் அசையாமல், காலை வெயில் மேலே விழுந்து ஒரு கோடாக மின்ன, அவள் மூடியைத் திறந்தாள், ஒரு சத்தமும் இல்லை, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தாள், விளிம்பு வரை தளும்பிக்கொண்டிருந்தது.